மாலை போட்டவர் சாட்சி சொன்ன நாள்

ஷா ஆலம் நீதிமன்றத்தில் எங்கள் விவாகரத்து வழக்கு விசாரணைக்கு வந்தது, தைப்பூசத்துக்குச் சில நாட்கள் முன்பு. தேதியைக் கேட்டதுமே காலண்டரைப் புரட்டினேன். கணவர் அப்போது காவடி விரதத்தில் இருப்பார்.

வருடம் முழுவதும் குடிக்கிற மனிதர், மாலை போட்டுவிட்டால் ஒரு சொட்டு தொடமாட்டார். கிள்ளானில் கோயில்காரர்கள் அறிந்தது அந்த விரதக்கார மனிதரைத்தான். மிச்ச மாதங்களின் மனிதரோடு குடித்தனம் நடத்தியவள் நான் ஒருத்தி.

அவர் அடிக்கமாட்டார், கத்தவும் மாட்டார். குடித்தால் சிரிப்பார், பாடுவார், அப்படியே கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒருநாள் டியூஷனிலிருந்து எங்கள் ஒன்பது வயது மகளை ஏற்றிக்கொண்டு வரும் வழியில் காரைச் சாக்கடைக்குள் இறக்கினார். லோரி ஒன்று இடிக்க வந்தது, ஒதுங்கினேன் என்றார். மகளும் லோரி என்றுதான் சொன்னாள். அன்றே நான் அவளோடு வீட்டை விட்டு வந்தேன்.

பிரிவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. சனி ஞாயிறில் மகளைத் தன்னோடு அழைத்துப் போக வேண்டும் என்று மட்டும் கேட்டார். அழைத்துப் போவது என்றால் காரில். எனக்குத் தூக்கம் போனது அதனால்தான்.

பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த என் வக்கீல் அம்மா ஒளித்துப் பேசத் தெரியாதவர். “போலீஸ் ரிப்போர்ட் இல்லக்கா. குடிக்கிறாருன்னு மட்டும் சொன்னா பத்தாது லா. அதனால பிள்ளைக்கு ஆபத்துன்னு காட்டணும்.”

விசாரணை அன்று அவர் மஞ்சள் சட்டையும் ருத்ராட்ச மாலையும் நெற்றி நிறைய விபூதியுமாக வந்து நின்றார். எனக்கே கும்பிடத் தோன்றியது. எரிச்சலாகவும் இருந்தது. இந்தக் கோலத்தைப் பார்த்து யார் குடிகாரர் என்று நம்புவார்கள்?

குடிப்பழக்கம் இல்லை என்று சத்தியப் பத்திரத்தில் அவர் முன்பே கையெழுத்துப் போட்டிருந்தார். அப்போது கழுத்தில் மாலை இல்லை. அவருடைய வக்கீல் எல்லாம் யோசித்தவர், இதை மட்டும் யோசிக்கவில்லை. பாவம், தமிழர் அல்லர்.

என் வக்கீல் அம்மா சுற்றி வளைக்காமல் கேட்டார். “கார் சாக்கடையில எறங்குன அன்னைக்குக் குடிச்சிருந்தீங்களா?”

அவர் கை மாலைக்குப் போனது. மணிகளைப் பிடித்தபடி நின்றார். அவருடைய வக்கீல் இருமிப் பார்த்தார்.

“குடிச்சிருந்தேன்,” என்றார். “லோரி எதுவும் வரல.”

மகள் என்னோடு இருக்க வேண்டும், அவர் தன் அம்மா வீட்டில் அம்மா முன்னிலையில் அவளைப் பார்க்கலாம், காரில் ஏற்றக்கூடாது, குடியை விட்டதற்கு மருத்துவர் சான்று வந்தால் மற்றதைப் பேசலாம் என்று உத்தரவானது. நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

வெளியே அவர் என் அருகில் வந்தார். “மாலையப் போட்டுக்கிட்டு எப்படிப் பொய் சொல்றது?”

“அப்ப வருஷம் பூரா போட்டிருந்திருக்கலாமே,” என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தச் சிரிப்பை நம்பித்தான் ஒருகாலத்தில் கழுத்தை நீட்டினேன்.

அக்காள் வீட்டில் விட்டிருந்த மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். “இனிமே அப்பா காடியில நீ ஏற வேணாம். பாட்டி வீட்லயே பாத்துக்கலாம்.”

சீட் பெல்ட்டைத் திருகிக்கொண்டே கேட்டாள். “அப்ப நான் முழிச்சிக்கிட்டே வர வேணாமாம்மா?”

“எதுக்கு முழிச்சிக்கணும்?”

“அப்பா கண்ண மூடுனா தட்டி எழுப்பணும்ல. அன்னைக்குக் கொஞ்சம் லேட்டாத் தட்டிட்டேன்.”

ஒரு கையால் அவள் தலையைத் தடவினேன். “வேணாம்டா. நீ தூங்கு.”

கிள்ளான் வருவதற்குள் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் எழுப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.