நின்றால் இறுகும் கஞ்சி

என் மேசையில் அரக்கு வைத்து மூடிய ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கிறது. உள்ளே மயில் கழுத்து நிறத்தில் கெட்டியான பசை. சாய்த்தால் நிறம் கலைந்து வெளுத்து ஓடும். நிமிர்த்தி வைத்தால் மெல்லத் திரும்பிவிடும். பேரப்பிள்ளைகள் கேட்டு அழுவார்கள். நான் கொடுப்பதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அருப்புக்கோட்டையில் ஒரு சைசிங் பட்டறையில் நூல் நிறுத்துக்கொண்டிருந்தேன். விசைத்தறியில் நெடுக்கே ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றும் இடம். மாவுக் கஞ்சிக்குப் பதிலாக, பஞ்சிலிருந்து எடுத்த ஏதோ பொடியைக் கரைத்துப் பார்க்க முதலாளி மதுரையிலிருந்து ஒருவரை வரவழைத்திருந்தார். எங்களுக்கு அவர் கெமிஸ்ட் சார். சிரித்த முகம். சட்டைப் பையில், அதே பொடியைக் கரைத்து அடைத்த இந்தக் குப்பி.

பொடி சேரச் சேரக் கஞ்சி கெட்டிப்பட்டது. பிறகு திடீரென்று பளபளத்து இளகியது. வேப்பங்குச்சியை முக்கித் தூக்கி, அது வழிவதைப் பார்த்துப் பதம் சொல்வதுதான் எங்கள் பட்டறை வழக்கம். மேஸ்திரி குச்சியைத் தூக்கினார்.

"தண்ணியா ஓடுதே. ஏலே, இன்னொரு மூடையத் தட்டுங்க."

கெமிஸ்ட் சார் பதறினார். "வேணாம்ணே. பொடி பத்தாம இளகல, கூடிப்போயி இளகுது. உள்ள இருக்கறதெல்லாம் சின்னச் சின்னக் குச்சி மாதிரி. நெருக்கம் கூடுனா பாவு நூலாட்டம் வரிசையாப் படுத்துக்கிரும், வழுக்கிட்டு ஓடும். ஓட்டம் நின்னா வரிசை கலைஞ்சு இறுகிரும்."

முதலாளி கேட்டுக்கொண்டுதான் நின்றார். ஆனால் குச்சி சொன்னதை மீறி அங்கே எதுவும் நடந்ததில்லை. பொடி விழுந்தது.

நூலைக் கஞ்சியில் முக்கிப் பிழியும் உருளைகள் சுழன்றன. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகாகக் கஞ்சி ஓடி நான் பார்த்ததில்லை. எல்லோரும் சிரித்தார்கள். கெமிஸ்ட் சார் மட்டும் எரிகிற பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானமானால் கரண்டு போகிற ஊர் அது.

போயேவிட்டது. உருளைகள் நின்றன, கஞ்சி இறுகி நூலைக் கவ்விக்கொண்டது. பாவு பாழாகிறதே என்ற பதற்றத்தில் மெயின் சுவிட்சை அணைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மேஸ்திரி உருளைகளுக்கு நடுவே கையை விட்டு நூலைப் பிய்த்தார்.

"கைய எடுங்கண்ணே!"

கெமிஸ்ட் சார் பாய்ந்து அவரைப் பிடித்து இழுக்கவும் கரண்டு வரவும் சரியாக இருந்தது. மேஸ்திரி தப்பினார். இழுத்தவரின் வலது கை உள்ளே போய்விட்டது.

சில மாதம் கழித்து, பட்டறையில் விட்டுப்போன தன் பையை எடுக்க வந்தார். மேஸ்திரி அவர் கண்ணிலேயே படவில்லை. வேப்பங்குச்சி மட்டும் தொட்டியோரம் சாய்ந்திருந்தது. இடது கையால் குப்பியை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே வச்சுக்கங்க. மூடி கழண்டு கழண்டு வருது, எனக்குத் திருக முடியல."

அரக்கு நான் வைத்ததுதான். இன்றைக்கும் கரண்டு போனால் குப்பி சாதுவாக நிறம் காட்டிக்கொண்டு நிற்கிறது. என் கைகள் தாமாக மடிக்குள் போய்விடுகின்றன.