தங்கமாரியக்காவின் பிரஷர்

பெரிய ரத்தக்குழாயில் ஆபரேஷன் செய்கிற ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை என்றால், ஆளைப் பார்க்காமல் தலைமாட்டில் ஓடும் நம்பரையே பார்த்துக்கொண்டிருக்கிற பிழைப்பு. வீட்டில் பிரஷர்காரர் ஒருத்தரோடு மல்லுக்கட்டுகிற உங்களுக்கு என் பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. விருதுநகரில் எனக்கு வாய்த்தவர் தங்கமாரியக்கா.

லீவு நாள் மாத்திரை

அக்கா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறவர். முதுகை ஒட்டி இறங்கும் பெரிய குழாய் ஓரிடத்தில் பலூனாக வீங்கியிருந்தது. பிரஷரோ நூற்றித் தொண்ணூறு. "இதை இறக்காமல் கத்தி வைக்க முடியாது. அதுக்குள்ள வெடிச்சா ஆளே மிஞ்சாது" என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார்.

மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டேன். "போட்டா ஒண்ணுக்கு வந்துக்கிட்டே இருக்கு தம்பி. சும்மா சும்மா எந்திரிச்சுப் போனா போர்மேன் ஏசுறான். அதான் ஞாயித்துக்கிழமை மட்டும் போடுறேன். அன்னைக்கு வந்து பாருங்க, எனக்குப் பிரஷரே இருக்காது!"

வேனில் வந்தவர்கள்

டிரிப்ஸில் மருந்து ஏற்றி, பாடாய்ப் பட்டு நம்பரை இறக்கினோம். மறுநாள் ஆபரேஷன். சாயங்காலம் கம்பெனி வேன் வந்து நின்றது. கூட வேலை பார்க்கிற பெண்கள், பட்டாசு வெள்ளி மருந்து அப்பிய கையோடு கட்டிலைச் சுற்றி நின்று ஓவென்று அழுதார்கள். அக்காவும் சேர்ந்து அழ, நம்பர் கிடுகிடுவென்று ஏறியது. ஆபரேஷன் தள்ளிப்போனது.

"அழாமப் பாருங்களேன்" என்று கெஞ்சினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அக்காவின் மதினி மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார்: "நல்லாருக்கே! அழுகாமப் போறதுக்கா இம்புட்டுத் தூரம் வேன்ல வந்தோம்?"

ஏற்றுகிற வேலை

ஒருவழியாக, வீங்கிய இடத்தை வெட்டிச் செயற்கைக் குழாய் வைத்துத் தைத்தாயிற்று. மயக்கம் தெளிந்ததும் காலை ஆட்டச் சொன்னேன். ஆடவில்லை. இந்த ஆபரேஷனில் அந்தப் பயம் உண்டு. தண்டுவடத்துக்கு ரத்தம் போதாவிட்டால் கால் இரண்டும் விளங்காமல் போய்விடும். ரத்தம் போக வேண்டுமென்றால் பிரஷரை ஏற்ற வேண்டும். கூடிப்போனால் தையல் பிய்ந்துகொள்ளும். டாக்டர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, பிரஷரை ஏற்றுகிற மருந்தைத் துளித்துளியாகக் கூட்டினேன்.

வெளியே நின்ற அக்காவின் வீட்டுக்காரரிடம் விவரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "ஏத்துறதுக்கா இங்கன கூட்டியாந்தோம்? அதை அவ வீட்டுலயே ஏத்திக்கிட்டுத்தானய்யா இருந்தா!"

புதுக் குழாய்

அன்று சாயங்காலம் பெருவிரல் அசைந்தது. கொஞ்ச நாளில் சுவரைப் பிடித்து வாசல்வரை நடந்தே வந்து வீட்டுக்குப் போனார். புதுக் குழாய் கொஞ்ச தூரத்துக்குத்தான், மிச்சமெல்லாம் பழசு, அதுவும் வீங்கும் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினோம். ஒண்ணுக்குப் போகவைக்காத மாத்திரையாகவும் மாற்றிக் கொடுத்தோம்.

சில மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தார். பார்த்தால், பழைய பிரஷர் அப்படியே இருக்கிறது. மாத்திரை எங்கேக்கா என்றேன். கம்பெனி வேனில் கூட வருகிறவர்களில் பிரஷர் உள்ளவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டாராம். "எனக்குத்தான் புதுக் குழாய் போட்டாச்சே தம்பி. பாவம், அவளுகளுக்கு இன்னும் பழைய குழாய்தானே!"

அக்காவா, அவர்களில் ஒருத்தரா, யார் முதலில் வந்து படுப்பார்களோ என்று தெரியாமல், வாசலில் எந்த வேன் நின்றாலும் இப்போது ஏறுவது என் பிரஷர்தான்.