அடைபடாமல் நின்ற ஜன்னல்

1981-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், என் தங்கை ரூபியால் தெருக்குழாய் வரைகூட நடக்க முடியாமல் போயிற்று. சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவளுடைய இதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. மதராசில் அவளைப் பரிசோதித்த மருத்துவர், ஆகஸ்ட் மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும், அதற்குமேல் தள்ளிப்போட்டால் உடம்பு தாங்காது என்று சொல்லி, வந்து சேர வேண்டிய தேதியையும் குறித்துக் கொடுத்தார். அவளுக்கு அப்போது இருபது வயது.

அப்பா ஏற்கெனவே கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். நான் பட்டப்படிப்பை முடித்து, முதியோர் கல்வித் திட்டத்தில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்த்துவந்தேன். எங்களிடம் இருந்தது, தென்காசியில் அப்பா கட்டிய வீடு ஒன்றுதான். அதை விற்றால் ரூபி பிழைப்பாள். விற்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதை அம்மாவும் நானும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதே இல்லை.

சபையாரே, வீடு விற்பதும் ஒரு சாட்சியா என்று நீங்கள் நினைக்கலாம். அந்த இரண்டு மாதங்களில் நான் ஆண்டவரிடம் கேட்டது ஒன்று. அவர் தந்தது வேறொன்று. அதைத்தான் எழுத விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு குறை இருந்தது. மேற்கேயிருந்து வரும் தெரு நேரே வந்து எங்கள் வாசலில் முட்டி நின்றது. இதைத் தெருக்குத்து என்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் நோயும் சாவும் நீங்காது என்பது ஊரில் பலருடைய நம்பிக்கை. அப்பா அதைப் பொருட்படுத்தாமல் இடத்தை வாங்கிக் கட்டினார். ஆனால், விற்கப் போகும்போது வாங்குகிறவரின் நம்பிக்கையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. ஜூன் மாதத்தில் வீடு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தெருமுனையில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளே வராமலே திரும்பினார்கள். அப்பா இல்லாத வீடு, உள்ளே ஒரு நோயாளிப் பெண். அவர்களுடைய நம்பிக்கைக்கு நாங்களே ஆதாரமாக இருந்தோம்.

தரகர் சங்கரலிங்கம் அண்ணாச்சி நல்ல மனிதர். அவர் இரண்டு வழி சொன்னார். முதலாவது, சுற்றுச்சுவரில் தெருவைப் பார்த்து ஒரு மாடம் வைத்து, அதில் பிள்ளையாரை எழுந்தருளப் பண்ணுவது. நான் தயங்கியதைப் பார்த்து, "நீங்க ஒண்ணும் கும்பிட வேண்டாம் டீச்சர். வீட்ட வாங்குதவன் கும்பிட்டுக்கிடுவான்" என்றார்.

இதை நான் இலேசாகத் தள்ளிவிடவில்லை. ஒரு உயிர் பிழைக்க வேண்டிய காரியம். ஆனாலும், அந்தச் சாமியை நம்பாத நான் விலைக்காக அதை வைத்தால், அது என் விசுவாசத்துக்கு மட்டுமல்ல, பக்தியோடு கும்பிடுகிறவர்களுக்கும் செய்கிற அவமரியாதை என்று பட்டது. அதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதுவும் நியாயம்தான் என்றார். பிறகு இரண்டாவது வழியைச் சொன்னார். வாசலைத் தெற்குப் பக்கம் மாற்றுவது, தெருவைப் பார்த்திருக்கும் பெரிய ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவது. தெருவுக்கு வெறும் சுவர்தான் தெரியும், குத்து விலகிவிடும். இதில் எனக்கு மறுப்பு இல்லை.

மறுப்பு சொன்னவள் ரூபிதான். அந்த ஜன்னலோரம்தான் அவளுடைய கட்டில். படுத்தால் மூச்சு வாங்கும் என்று மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு, தெருவைப் பார்ப்பதுதான் அவளுடைய பொழுது. யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தது, யார் யாரோடு பேசாமல் போகிறார்கள் என்பதெல்லாம் அவளைக் கேட்டால் தெரியும். மேகம் விலகும் நேரங்களில், தெருவுக்கு மேலே மலையில் வெள்ளைக் கோடாக அருவியும் தெரியும்.

"ஜன்னல அடைச்சிட்டா நான் எதப் பாத்துக்கிட்டுக் கெடக்க? ஒன் மூஞ்சியவா?" என்று கேட்டாள். பிறகு அவளே, "சரி, அடைங்க. கொஞ்ச நாளுதான" என்றாள். வீடு விற்கும்வரை என்ற பொருளில் சொன்னாளா, வேறு பொருளில் சொன்னாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடுப்படிக்குப் போய் அழுதேன்.

ஜூலை முதல் வாரத்தில் வேலையைத் தொடங்கினோம். அம்மாவும் நானும் பரண் முழுவதையும் இறக்கிக் காலி செய்தோம். உள்சுவர்களுக்கு நாங்களே வெள்ளையடித்தோம். தெற்கு வாசல் தயாராகிவிட்டது. ஜன்னலை அடைக்கச் செங்கல் வந்து இறங்கியது. கொத்தனார் வெளிப்பக்கமாக நின்று மூன்று வரிசை வைத்தார். அன்று மாலையே சாரல் பிடித்துக்கொண்டது.

எங்கள் பக்கத்துச் சாரலை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்கிற மழை அல்ல அது. மேல்காற்றோடு சாய்ந்து, நாள் முழுதும் முகத்தில் அடிக்கும். எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. சாரல் தெரு வழியே வந்து நேரே அந்த ஜன்னலில் மோதியது. வைத்த சாந்து கரைந்து வழிந்தது. மறுநாள் காலையில் ஒரு வரிசைகூட நிற்கவில்லை. கொத்தனார் மறுபடியும் வைத்தார். மறுபடியும் கரைந்தது. வெயில் முகம் காட்டட்டும், வந்து முடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

நான் வெயிலுக்காக ஜெபித்தேன். காலையும் மாலையும் முழங்காலில் நின்று கேட்டேன். மூன்று நாள் வெயில் தாரும் ஆண்டவரே, சுவர் காயட்டும், ஜன்னல் அடைபடட்டும், வீடு விலைபோகட்டும். என்ன நடக்க வேண்டும், எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்று அவருக்கே நான் திட்டம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வானம் மூடியே கிடந்தது. மருத்துவர் குறித்த தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மாலை ரூபிக்கு மூச்சுத் திணறி உதடு நீலம் பாய்ந்துவிட்டது. அன்று ஆண்டவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. சபையில் பாட்டுப் பாட வாய் வரவில்லை.

பெண்கள் ஐக்கிய ஜெபக் கூட்டத்தில் என் விண்ணப்பத்தை வைத்தேன். மழை நிற்கும்படி எல்லோரும் ஜெபிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். எங்கள் கூட்டத்தில் பாக்கியம் அக்கா என்று ஒருவர் உண்டு. சீசன் காலத்தில் குற்றாலத்தில், அருவிக்குப் போகும் வழியில் பழக்கடை போடுகிறவர். விதவை. அந்த மூன்று மாத வியாபாரத்தில்தான் அவருக்கு வருடம் ஓட வேண்டும். என் விண்ணப்பத்தைக் கேட்டதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நீங்க மழ நிக்கணும்னு ஜெபம் பண்ணுதிய. நான் நிக்காமப் பெய்யணும்னு ஜெபம் பண்ணுதேன். அவரு பாவம், ரெண்டு பேருக்கும் நடுவுல என்னதான் செய்வாரு?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பல நாட்களுக்குப் பிறகு சிரித்தேன். பின்பு அவர் என் பக்கத்தில் நகர்ந்து வந்து, மழையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், ரூபியின் பேரைச் சொல்லிக் கண்ணீரோடு ஜெபித்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். சமுதாயத்துக்காக வேலை செய்கிறவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம் உண்டு. ஆனால் நான் கேட்ட வெயில் வந்திருந்தால் அருவி வற்றியிருக்கும். பழக்கடைகளும், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களும், சீசனுக்கு அறை விடுகிறவர்களும் என்ன ஆவார்கள் என்று ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை. நான் கேட்டது தவறு என்று இன்றும் சொல்ல மாட்டேன். துன்பத்தில் இருக்கிறவர்கள் எதைத்தான் கேட்கமாட்டார்கள்? ஆனால் அன்று என் ஜெபம் மாறியது. ஆண்டவரே, என் தங்கையைத் தாரும். மழையை வைத்துத் தருவதும் வெயிலை வைத்துத் தருவதும் உம்முடைய இஷ்டம். அவ்வளவுதான் கேட்டேன். மனம் அமைதியானது. சாரல் மட்டும் ஓயவில்லை.

அந்த வாரமே அது நடந்தது. வீடு பார்க்க யாராவது வந்தால் முதல் நாளே சொல்லி அனுப்புவதாகவும், நோயாளியை அப்போது பின்னறைக்கு மாற்றிவிட வேண்டும் என்றும் தரகர் சொல்லியிருந்தார். ஆனால் அன்று சொல்லாமலே வந்துவிட்டார். முதலில் பார்த்தவள் ரூபிதான்.

"அக்கா, தரகர் அண்ணாச்சி வாராரு. கூட ஒரு பாய். ரெண்டு பேருக்கும் ஒரே குட. அண்ணாச்சி நனையாம வாராரு, குடையப் புடிச்சிட்டு வார பாய்தான் நனையுதாரு."

அவளை எழுப்பி மாற்ற நேரமில்லை. வந்தவர் கடையநல்லூர்க்காரர், பெயர் மைதீன். சவூதியில் வேலை. விடுமுறையில் வந்திருந்தார், சீக்கிரம் திரும்ப வேண்டும். ஜன்னலுக்கு வெளியே நனைந்து கிடந்த செங்கல் குவியலைப் பார்த்து, எதற்கு இது என்று கேட்டார். தரகர் செருமினார். நான் உள்ளதைச் சொன்னேன். தெருக்குத்து என்று பலர் வாங்கத் தயங்குகிறார்கள், அதனால் அடைக்கிறோம், மேற்குச் சுவரில் மழைக்கு ஓதம் ஏறும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள் என்றேன்.

அவர் கட்டில் பக்கம் திரும்பினார். ரூபியைப் பார்த்து, "தங்கச்சி, நாங்க வாரத எங்கன வச்சுப் பாத்திய?" என்று கேட்டார்.

"பெட்டிக்கட முக்குல திரும்பும்போதே பாத்தேன். அங்கன ஒரு நிமிசம் நின்னு செருப்புல சேத்தத் தட்டுனிய."

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, ரூபியின் தலை உயரத்துக்குக் குத்தவைத்து உட்கார்ந்தார். அங்கிருந்து ஜன்னல் வழியே பார்த்தார். நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. தரகர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். அவருடைய மனைவி சுலைகாவுக்குக் கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இரண்டு பக்கமும் வீடுகள் ஒட்டிய நீண்ட வீடு அவர்களுடையது. சுலைகா படுத்திருக்கும் அறையில் கூரை மோட்டைத் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை. கணவர் கடிதம் எழுதினால், பதிலெழுத விசேஷம் ஒன்றுமில்லை என்று பதில் வருமாம்.

தரகர் இடையில் புகுந்து, மழை விட்டதும் ஜன்னலை அடைத்துவிடலாம், தெருக்குத்து இருக்காது என்றார்.

"அடைக்காதிய அண்ணாச்சி. தெரு நேரா வீட்டுக்கு வருதுங்கிறதுதான குத்தம்? வரட்டும். அவளால தெருவுக்குப் போக முடியாது, தெரு அவகிட்ட வரட்டும்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் ஜன்னலுக்கு வெளியே கிடந்த செங்கல்லைப் பார்த்தேன். இரண்டு முறை எழும்ப முயன்ற அந்தச் சுவர் ஒரே ஒரு முறை நின்றிருந்தால்? நான் கேட்ட மூன்று நாள் வெயில் கிடைத்திருந்தால்? அவர் ஒரு வெறுஞ்சுவரைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார். கர்த்தர் என் ஜெபத்துக்குச் செவிகொடுக்கவில்லை என்று நான் அழுத நாட்களில்தான், அந்த ஜன்னலைச் சாரலால் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

விலையில் அவர் கடுமை காட்டவில்லை. விடுமுறை முடிவதற்குள் பத்திரப் பதிவு முடிந்தது. குறித்த தேதிக்கு ரூபியை மதராசில் சேர்த்தோம். அறுவை சிகிச்சை நடந்த அன்று பாக்கியம் அக்கா கடையை மூடிவிட்டு, எங்களுக்காக உபவாசம் இருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. சீசன் உச்சத்தில் இருந்த நாள் அது. ரூபி பிழைத்தாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

இன்று நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். அதில் எனக்குக் குறையில்லை. என் ஜெபம்தான் மாறிவிட்டது. எனக்காகக் கேட்கும்போதெல்லாம், இதனால் இன்னொருவருக்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கப் பழகியிருக்கிறேன். இதை வாசிக்கும் உங்களில், அடைபட வேண்டியது அடைபடவில்லையே, காய வேண்டியது காயவில்லையே என்று கலங்கி நிற்கிறவர்கள் இருக்கலாம். உங்கள் தேவையை அவரிடம் முழுவதுமாகச் சொல்லுங்கள். வழியை மட்டும் அவரிடம் விட்டுவிடுங்கள். தாமதம் என்று தோன்றும் நாட்களிலும் அவர் வேலை செய்துகொண்டிருக்கிறார்.

போன ஆண்டு சீசனில் ரூபியும் நானும் அந்த வீட்டுக்குப் போயிருந்தோம். கரைந்த சுவரின் செங்கற்களை வைத்து மைதீன் ஒரு மேடை கட்டி, அதன்மேல் மனைவியின் கட்டிலை ஜன்னல் உயரத்துக்கு ஏற்றியிருந்தார். நாங்கள் வாசலை எட்டும் முன்பே, உள்ளே தேநீருக்குச் சொல்லிவிட்டிருந்தார் சுலைகா. ரூபியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்:

"முக்குல திரும்பும்போதே பாத்துட்டேன். இம்புட்டுத் தூரமும் எங்கயும் நிக்காம நடந்து வந்திய."