பெட்டரியைக் குடித்தது யார்?

போன வியாழக்கிழமை பின்னேரம் நான்கு மணி. ஓப்பநாயக்க பக்கம் அந்த நேரத்துக்கு மழை வராவிட்டால்தான் செய்தி. வந்தது. முதல் இடி இடித்தது. இரண்டாவது இடிக்கு முன்பே கரண்ட் போய்விட்டது.

நான் பதறவில்லை. நம்புங்கள்! நான் பதறாமல் இருப்பதற்காகவே இரண்டு மாதமாக எங்கள் குவாட்டர்ஸ் கூரையில் ஒரு சோலார் பெனல் படுத்திருக்கிறது.

எங்கள் மகன் கவினுக்கு நாலு வயது. ஈரக்காற்று பட்டால் இழுப்பு வரும். வந்தால் நெபுலைசர் மெஷினில் மருந்தை ஊற்றி, மாஸ்க்கை மூக்கோடு வைத்துப் பத்து நிமிடம் பிடிக்க வேண்டும். மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். மழை பெய்தால் கரண்ட் போகும். மகனுக்கு எப்போது மெஷின் தேவையோ, சரியாக அப்போதுதான் அது ஓடாது. என்ன பொருத்தம் பாருங்கள்! இதற்குத்தான் பெனல், பெட்டரி, இன்வேர்ட்டர் எல்லாம்.

என் கணவர் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். கொழுந்து வாட்டும் தொட்டிகளின் விசிறிகளை ஓட்ட அங்கே புதிதாக ஒரு கொன்ட்ரோலர் வந்திருக்கிறது. சின்னச் சின்னப் பெட்டிகளை இரும்புப் பட்டி ஒன்றில் வரிசையாகக் கொளுவியிருப்பார்கள். ஒன்று வெப்பத்தைப் பார்க்கும், ஒன்று விசிறிக்கு உத்தரவு கொடுக்கும். பழுதானதை மட்டும் கழற்றி, அதே இடத்தில் வேறொன்றைக் கொளுவலாம். "பக்கத்து மொடியூல தொடவே தேவையில்ல" என்பார் பெருமையாக. பக்கத்தில் இருப்பவரைத் தொடாத பிரச்சினை ஒன்று உலகத்தில் இருக்கிறதா? நான் கேட்கவில்லை.

வீட்டு வயரிங்கையும் அவரேதான் செய்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டேன். சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். பெனலுக்கும் பெட்டரிக்கும் நடுவில் இருக்கும் சார்ஜ் கொன்ட்ரோலரில் முதலில் பெட்டரியைக் கொடுக்க வேண்டும், பிறகுதான் பெனல். கழற்றும்போது முதலில் பெனல். பெட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ். எல்லாவற்றையும் இலக்கம் போட்டு எழுதிச் சுவரில் ஒட்டினேன். டீச்சர் அல்லவா?

ஆகவே வியாழக்கிழமை கவினின் மூச்சு விசிலடிக்கத் தொடங்கியபோது, அளவாக மருந்தை ஊற்றினேன். மெஷினைச் சொருகினேன். ர்ர்ர்... ஓடியது.

ஒரு நிமிடம்கூட இல்லை. இன்வேர்ட்டர் கீ... கீ... என்று கத்தியது. அணைந்தது. பெட்டரி காலி.

கவினின் நெஞ்சுக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. சரி, இப்போது பதறினேன்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டினார் செல்வி அக்கா. கீழ் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர். அவர் வீட்டு பிளக் பொயின்ட் எரிந்து போனதிலிருந்து, காலையில் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகும்போது போனை எங்கள் வீட்டு இன்வேர்ட்டர் பிளக்கில் சார்ஜ் போட்டுவிட்டுப் போவார். பின்னேரம் வந்து எடுப்பார்.

"என்னா டீச்சர், புள்ள இப்புடி இழுக்குது?"

"பெட்டரி எறங்கிருச்சிக்கா. தெனமும் போனப் போட்டுப் போட்டு..."

சொல்லிவிட்டேன். பாதியில் நிறுத்தினேன். ஆனால், பாதி போதுமானதாக இருந்தது. அவர் முகம் ஒரு கணம் மாறியது.

"அத பொறவு பேசிக்கலாம். பெக்டரில ஜெனரேட்டர் ஓடுது, சத்தம் கேக்குதுல்ல? மெஷின எடுங்க!"

இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்துக் கவினைச் சுற்றினார். அந்த பிளாஸ்டிக் விரிப்புதான் மலையில் அவருக்கு மழைக்கோட்டு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறக்கத்தில் ஓடினார். நான் மெஷினை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு பின்னால் ஓடினேன். அட்டை கடித்ததும் தெரியவில்லை, செருப்பு கழன்றதும் தெரியவில்லை.

தொழிற்சாலையில் என் கணவர் எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தார். மெஷினை வாங்கி, கொன்ட்ரோலர் அறையில் இருந்த பிளக்கில் சொருகினார். "பய வென்ட எபா டீச்சர்" என்று சிங்களத்தில் சொல்லி, பெக்டரி ஒஃபிசர் தன் கதிரையைக் கொண்டுவந்து போட்டார். பயப்படாதே என்று எந்த மொழியில் சொன்னாலும் நான் கேட்பதில்லை.

பத்து நிமிடம். விசில் மெல்ல மெல்லக் குறைந்தது. மாஸ்க்குக்குள்ளிருந்து கவின் விரலை நீட்டி, மொடியூல்களில் எரிந்த பச்சை விளக்குகளை எண்ண ஆரம்பித்தான். ஆறுக்குப் பிறகு எட்டு. வழக்கமாகத் திருத்துவேன். அன்று அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் மீட்டரை எடுத்தார். பெனல் சரி. வயர் சரி. பியூஸ் சரி.

"நான் வந்தப்போ இன்வேர்ட்டர் சுவிட்ச் ஆன்ல இருந்திச்சே, நீ ஓஃப் பண்ணலியா?"

"அது எப்பவும் ஆன்லதானே இருக்கும்."

"எப்பவுமா?"

"தேவப்படுற நேரம் ஆன் ஆகாமப் போனா என்னா பண்றது? அதான் ரெடியா இருக்கட்டும்னு..."

"ராத்திரி பகலாவா? ரெண்டு மாசமாவா?"

விஷயம் இதுதான். இன்வேர்ட்டர் எதையும் ஓட்டாமல் சும்மா விழித்திருந்தாலே பெட்டரியைக் குடிக்குமாம். வெயில் அடித்த நாட்களில் பெனல் எப்படியோ ஈடுகொடுத்திருக்கிறது. அந்த வாரம் முழுக்க வானம் மூடிக்கிடந்தது.

"செல்வியக்கா ஒரு மாசம் போன் சார்ஜ் பண்றத நீ ஒரே நாள்ல முடிச்சிருக்க" என்றார். பிறகு சுவரைக் காட்டினார். என் கையெழுத்து. ஐந்தாம் இலக்கம்: 'தேவை முடிந்ததும் இன்வேர்ட்டரை நிறுத்தவும்.'

நிறுத்தாமல் இல்லை. பல தடவை நிறுத்தியிருக்கிறேன். சமையலறை வரை போய், திரும்பி வந்து, போட்டுவிடுவேன். தேவை முடிந்தது என்று ஒரு தாய்க்கு யார் வந்து சொல்வது?

கண்ணெதிரே வயரைச் சொருகுகிறவரைச் சந்தேகிப்பது சுலபம். அக்கறை என்ற பெயரில் சத்தமில்லாமல் குடிப்பவளைச் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்? அவளுக்கே தோன்றவில்லையே!

மறுநாள் டாக்டரிடம் போனோம். "வீட்டுல வாயில வச்சு மருந்து அடிக்கிற பம்ப் ஒண்ணு வச்சிருங்க, அதுக்குக் கரண்ட் தேவையில்லன்னு முதல்லயே சொன்னேனே" என்றார். சொல்லியிருப்பார். நான் அப்போது சோலார் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருப்பேன்.

சனிக்கிழமை காலை, செல்வி அக்கா எங்கள் வாசலைப் பார்க்காமல் மலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஓடிப்போய் மறித்தேன்.

"அக்கா, நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. பெட்டரி எறங்கினது என்னாலதான். போனக் குடுத்துட்டுப் போங்க."

"எதுக்கு? பொறவு ஊரு கரண்டே எறங்கிருச்சின்னு சொல்லவா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் இடுப்புப் படங்கை நிதானமாக இறுக்கிக் கட்டினார். பிறகுதான் சிரித்தார்.

"சரி, இந்தாங்க டீச்சர். புள்ள எப்புடி இருக்கான்?"

அவர் என்னை மன்னித்தது பெரிய விஷயம். என் கணவர் என்னை நம்பாதது அதைவிடப் புத்திசாலித்தனம். ஞாயிற்றுக்கிழமை பலாங்கொடை டவுனுக்குப் போய் ஒரு ரிலே வாங்கிவந்தார். தொழிற்சாலையில் உள்ளது போலவே, சின்ன இரும்புப் பட்டியில் டக்கென்று கொளுவினார். கரண்ட் போனால் அதுவே இன்வேர்ட்டரை எழுப்பும். வந்தால் அதுவே தூங்கவைக்கும். என் விரலுக்கு இனி வேலை இல்லை.

"இது பழுதாப் போனா?" என்று கேட்டேன்.

"இன்னொண்ணு கொளுவலாம்."

"அதுவும் பழுதாப் போனா?"

அவர் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை மறுபடி மழை. கரண்ட் போனது. டக். இன்வேர்ட்டர் விழித்தது. கவினுக்கு ஒன்றுமில்லை, தரையில் படுத்து மாடு ஒன்றுக்கு ஐந்து கால் வரைந்துகொண்டிருந்தான். அரை மணி நேரத்தில் கரண்ட் வந்தது. டக். இன்வேர்ட்டர் அடங்கியது. கட்டைவிரல் அளவு பெட்டி... தன் வேலை எப்போது முடிந்தது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

நான் மட்டும் அதன் முன்னால் இன்னும் நின்றுகொண்டிருந்தேன்.