பொழுது அடையும் நேரமும் ஒரு ஹெடர் ஃபைலும்

முதல் நாள்

தொண்ணூறுகளின் கடைசியில், கீழக்கரைக் கடைத்தெருவில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. பக்கத்து ஊரான சிக்கலிலிருந்து பஸ்ஸில் வருவேன். சென்டரை நடத்தியவர் சுல்தான் காக்கா; அங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வந்த அன்றைக்கே என்னை மானிட்டர் முன்னால் உட்கார வைத்தார்.

"செல்வி, இத மட்டும் ஓட வச்சிரும்மா. பள்ளிவாசலுக்கு வருசம் முழுசுக்கும் தொழுகை நேர அட்டை அடிக்கணும். நோன்பு வருது. ராம்நாட்டு பிரஸ்ல காத்துக்கிட்டு இருக்காங்க."

புரோகிராமை எழுதியவர் அவருடைய தம்பி ரியாஸ். எழுதி முடித்த கையோடு துபாய்க்குப் போய்விட்டார். டர்போ சி-யில் கம்பைல் கொடுத்தேன். Unable to open include file 'SAIVU.H' என்று வந்தது. ரியாஸ் தானே எழுதிய ஹெடர் ஃபைல் அது. கணக்கு வேறொரு ஃபைலில் இருக்கும். அது திருப்பித் தருவது எப்படிப்பட்ட எண் என்று கம்பைலருக்கு முன்கூட்டியே சொல்வதுதான் ஹெடரின் வேலை. எல்லா ஃப்ளாப்பிகளையும் போட்டுப் பார்த்தேன். எதிலும் இல்லை.

சாப்பிட்டுவிட்டு வந்தபோது காக்கா சிரித்த முகமாக இருந்தார்.

"அந்த ஃபைலச் சேக்கச் சொல்ற இன்க்ளூட் வரியத்தானே திட்டுது? அத எடுத்துட்டேன். ஓடிருச்சு."

எரர் எதுவும் இல்லை. கீழே ஒரே ஒரு வார்னிங் மட்டும்: Call to function 'saivu' with no prototype. saivu தருவது எப்படிப்பட்ட எண் என்று யாரும் சொல்லவில்லையாம்.

"காக்கா, வார்னிங் ஒண்ணு இருக்கு."

"எரர் இல்லேல? பொறவு என்னம்மா."

பிரிண்டர் கிரீச்சிட்டுக்கொண்டு பன்னிரண்டு மாதத்தையும் அடித்துத் தள்ளியது. ஒரு பிரதி பிரஸ்ஸுக்குப் போனது. இன்னொன்றைச் சரிபார்க்க நான் எடுத்துக்கொண்டேன்.

கடற்கரையில்

பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் கடற்கரைக்கு நடந்தேன். மார்கழிக் கடலில் அன்று அலையே இல்லை. தண்ணீரும் வானமும் ஒரே நிறத்தில் இருந்தன. நடுவில் நின்ற வள்ளங்கள் எதன்மேல் மிதக்கின்றன என்றே தெரியவில்லை. நான் எங்கே நிற்கிறேன் என்பதுகூட மறந்துபோனது. மேற்கே வாலிநோக்கம் பக்கம் பொழுது மெதுவாக இறங்கியது. கடைசிக் கீற்று பனைகளுக்குப் பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. அது காற்றில் கரைந்து முடிந்த பிறகுதான் கையிலிருந்த காகிதம் நினைவுக்கு வந்தது. அதன்படி பொழுது அடைய இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

மங்கிய வெளிச்சத்தில் மற்ற மாதங்களையும் புரட்டினேன். மார்கழியிலும் சித்திரையிலும் பகல் ஒரே நீளம். ஆண்டு முழுக்க ஒரே நீளம்.

நான் படியேறிப் போனபோது காக்கா சென்டரைப் பூட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் காகிதத்தை வாங்கிப் புரட்டினார்.

"அப்ப சித்திரையில?"

"பொழுது இருக்கும்போதே அடஞ்சுட்டதா காட்டுது காக்கா."

"யா அல்லாஹ். அட்டையப் பாத்து எவனாச்சும் அப்ப உபரி நோன்பு வச்சுத் திறந்தா அந்த நோன்பு கூடாதே. பாவம் என் தலையிலல்லவா வந்து விடியும்."

பூட்டை மறுபடி திறந்து பிரஸ்ஸுக்குப் போன் போட்டார். அச்சு மறுநாள் காலையில்தான் தொடங்கும் என்றார்கள். "நான் சொல்ற வரைக்கும் மிஷின ஓட்டாதீங்க" என்று சொன்னார்.

ஒரு வரி

மறுநாள் காலையில் காக்கா தம்பியைப் போனில் பிடித்தார். ரியாஸ் விஷயத்தைக் கேட்டதும் ரிசீவரை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"அந்த ஹெடர்ல ஒரே ஒரு வரிதாம்மா. சூரியன் அந்தந்த நாள் எவ்வளவு சாஞ்சிருக்குன்னு சொல்ற ஃபங்ஷன். double-னு சொல்லலேன்னா கம்பைலர் அத int-னு நெனச்சுக்கும்."

புரிந்துவிட்டது. தசமத்தோடு வரும் எண்ணைக் கம்பைலர் முழு எண் என்று நினைத்து, வேறு இடத்திலிருந்து எதையோ எடுத்திருக்கிறது. எங்கள் மெஷினில் அது பூஜ்யமாகவே இருந்தது. அந்தக் கணக்கில் சூரியன் ஆண்டு முழுக்கச் சாயவே இல்லை; அதனால்தான் எல்லாப் பகலும் ஒரே நீளம்.

double saivu(int naal); என்று ஒரு வரி அடித்து, SAIVU.H என்று சேமித்தேன். எடுத்த இன்க்ளூட் வரியைத் திரும்பப் போட்டேன். வார்னிங் போய்விட்டது. சித்திரையில் பகல் நீண்டது, மார்கழியில் குறுகியது.

ஆனாலும் காக்கா உடனே பிரஸ்ஸுக்குச் சொல்லவில்லை. சாயங்காலம் என்னோடு கடற்கரைக்கு வந்தார். சூரியன் பனைகளுக்குப் பின்னால் மறைந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாங்கு சத்தத்தை நோக்கி நடந்தார்.

எரர் வந்தால் வேலை நிற்கும். நின்றதால் எப்படியும் தேடுவோம். வார்னிங் வேலையை ஓடவிடும். அதனால் பின்னாளில் என்னிடம் வேலை பார்த்தவர்களை வார்னிங் இருக்கும்போது பிரிண்ட் எடுக்க நான் விட்டதில்லை. கம்பைல் ஆனதெல்லாம் சரியானது என்று அர்த்தமில்லை. திரைக்கு வெளியே போய் ஒரு தரம் பார்த்தாக வேண்டும்.

தொழுகை முடிந்து சென்டருக்கு வந்த காக்கா, புதுப் பிரதி காலையில் வரும் என்று பிரஸ்ஸுக்குச் சொல்லிவிட்டு, மறுபடி தம்பிக்குப் போன் போட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினார். ரியாஸ் கேட்டார்.

"இன்னக்கி அங்கன எப்ப அடஞ்சுச்சு?"

நேரத்தைச் சொன்னேன்.

"ஸ்கிரீன்ல உள்ளதா, கண்ணால பாத்ததா?"

"கடற்கரையில நின்னு கண்ணால பாத்தது."

அதற்கு மேல் அவர் நேரத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"நம்ம ஊர்க் கடல் எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டார்.