எஞ்சின் எங்களுக்கு, பாடி பெரியப்பாவுக்கு

எங்கள் தாத்தா, அப்பாரு, இறந்த பிறகு அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரிக்க உட்கார்ந்தபோது தோட்டத்தையும் கிணற்றையும் தென்னைகளையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே பிரித்து முடித்துவிட்டார்கள். பிரிக்க முடியாமல் நின்றது கார் ஒன்றுதான்.

அது அமெரிக்காவில் செய்து, யாரோ ஒரு மில் முதலாளியின் வீட்டில் ஓடி, கடைசியில் காரமடைப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த பழைய பிளசர் கார். கருநீல நிறம், எட்டு சிலிண்டர். அப்பாரு சந்தைக்குப் போய்த் திரும்பும்போது வண்டி கண்ணில் படுவதற்கு வெகுநேரம் முன்பே அதன் சத்தம் வந்துவிடும். இரைச்சல் என்று சொல்ல முடியாது. தரைக்கு அடியில் யாரோ உரலில் நிதானமாக இடிப்பது போல இருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டம்ளரில் இருக்கும் தண்ணீர் நடுங்கும். சாமி வருவதாகச் சொல்கிறார்களே, அது இப்படித்தான் வரும் போலிருக்கிறது என்று நான் நம்பியிருந்தேன்.

விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்ளச் சொன்னார்கள் பெரியவர்கள். இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளவில்லை. கணபதி என்கிற ஊரில் லேத் பட்டறை வைத்திருந்த அப்பாதான் அந்த எஞ்சினை இறக்கிப் பிரித்துப் பூட்டி ஏற்றியவர். தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட பெரியப்பாவோ அதன் உடம்பில் ஒரு கீறல் விழ விடாமல் பார்த்துக்கொண்டவர். பேச்சு முற்றியதில், எஞ்சின் இல்லாவிட்டால் அது வெறும் தகரம் என்று அப்பா சொல்லிவிட்டார். அப்படியென்றால் எஞ்சினை நீயே வைத்துக்கொள், தகரம் எனக்கு இருக்கட்டும் என்றார் பெரியப்பா. பசியோடு இருந்த பெரியவர்கள் அதையே தீர்ப்பாகச் சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தார்கள்.

மறுநாள் புளியமரக் கிளையில் செயின் பிளாக்கைக் கட்டி எஞ்சினை வெளியே தூக்கினார்கள். கறுப்பாக, எண்ணெய் வடிய, அது அந்தரத்தில் மெதுவாகச் சுற்றியது. எங்களை நடுங்க வைத்த சத்தம் இத்தனை நாளும் இதற்குள்தான் இருந்ததா என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் பெரியப்பாவும் ஆளுக்கொரு பக்கம் நின்று அது சுவரில் இடிக்காமல் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். அதன்பிறகு பேச்சு நின்றுபோனது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மதில். அம்மாவும் பெரியம்மாவும் மட்டும் அதன் மேல் வழியாகக் குழம்பும் பேச்சும் மாற்றிக்கொண்டார்கள்.

அப்பா அந்த எஞ்சினை ஒரு பழைய ஜீப்பில் ஏற்ற ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் பட்டறைக்குப் போய்விடுவேன். அன்றைக்குத்தான் பழைய வண்டிப் பைத்தியங்கள் எல்லோரும் அங்கே கூடுவார்கள். வேலையில் பாதி நேரம் கதைதான். தன் காருக்கு ஒரு கதவுக் கைப்பிடி தேடி வருஷக்கணக்காக அலைந்தவர், கடைசியில் அது ஒரு கோழிக்கூண்டின் கதவில் இருப்பதைக் கண்டுபிடித்த கதையைச் சொல்வார். ஊட்டி ஏறும்போது ரேடியேட்டர் ஒழுக, சமையலுக்கு வாங்கிய மஞ்சள் தூளை அள்ளிப் போட்டு அடைத்துக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்ததாக ஒருவர் சொல்வார். தன் தாத்தா காலத்து ஸ்பேனர் ஒன்றை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டு, யார் கையிலும் கொடுக்காமல் திரும்ப முடிந்துகொள்பவரும் உண்டு. எல்லாவற்றையும் நான் அப்படியே நம்பினேன். இன்றைக்கும் பாதியை நம்புகிறேன்.

ஜீப்பின் கியர் பாக்ஸும் அந்த எஞ்சினும் ஒன்றோடொன்று சேரவே சேராது. அப்பா லேத்தில் ஓர் இரும்புத் தட்டைக் கடைந்து இரண்டுக்கும் நடுவில் வைத்தார். முதல் தட்டு சரியாக வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. கடைசியில் ஒன்று பொருந்தி, ஒரு சாயங்காலம் அந்தப் பழைய சத்தம் பட்டறைக்குள் எழுந்தபோது, கதை பேசிக்கொண்டிருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். அப்பா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையைத் துடைத்தார்.

அந்தப் பக்கம் பெரியப்பாவும் சும்மா இருக்கவில்லை. உக்கடத்தில் பழைய இரும்புக் கடையொன்றில், விபத்தில் நசுங்கிய ஒரு புதுக் காரின் எஞ்சினை வாங்கி அப்பாரு காருக்குள் பூட்டினார். பளபளவென்று வெளியே வந்தது. ஆனால் சத்தம் தையல் மெஷின் போலத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பழைய வண்டிக்காரர்கள் சேர்ந்து ஒரு வண்டிப் பந்தயம் வைத்தார்கள். சரவணம்பட்டிக்கு அப்பால் புதிதாக மனை போட்ட இடத்தில் நேராக நீண்ட தார் ரோடு ஒன்று கிடந்தது. இரண்டிரண்டு வண்டியாக நின்று, கொடி இறங்கியதும் கால் மைல் பாய வேண்டும். ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மா அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னார். பெரியப்பா அவரைப் பந்தயத்துக்கு அழைத்திருக்கிறாராம். தோற்றவர் தன் பங்கை ஜெயித்தவருக்குக் கொடுத்துவிட வேண்டுமாம். எஞ்சினோ, பாடியோ. அப்பா கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டு, வெச்சுக்கலாம்னு சொல்லிவிடு என்றார்.

பந்தயத்தன்று வெயில் கொளுத்தியது. ரோட்டின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். அம்மாவும் பெரியம்மாவும் கட்டுச்சோற்றோடு ஓரத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். பழைய அம்பாசடர்களும் யார் யாரோ எங்கெங்கோ தேடிப் பூட்டிய வண்டிகளும் ஜோடி ஜோடியாகச் சீறிப் பறந்தன. டயர் கருகும் நாற்றத்தில் எனக்குத் தலை சுற்றியது. ஆனாலும் கயிற்றை விட்டு நகரவில்லை. எங்கள் முறை வந்தது. இந்தப் பக்கம் அப்பாரு எஞ்சினோடு ஜீப், அந்தப் பக்கம் அப்பாரு கார்.

வெகுநேரம் வெயிலில் நின்றதால் ஜீப் சூடேறியிருந்தது. புறப்படும் கோட்டருகே வந்ததும் எஞ்சின் அடங்கிவிட்டது. அப்பா திரும்பத் திரும்ப சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமியதே தவிரப் பிடிக்கவில்லை. கொடிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம்தான் காத்திருக்க முடியும், பிறகு எதிர் வண்டி ஜெயித்ததாக ஆகிவிடும் என்று சத்தமாகச் சொன்னார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெரியப்பா எதுவுமே செய்ய வேண்டாம். அப்படியே உட்கார்ந்திருந்தாலே எங்கள் எஞ்சின் அவருடையது.

அப்போது கருநீலக் கதவு திறந்தது. பெரியப்பா இறங்கி வந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து, தண்ணீர்க் கேனைக் கவிழ்த்து நனைத்துக்கொண்டே ஜீப்பின் பானெட்டைத் தூக்கினார்.

"பெட்ரோல் பம்ப்பு கொதிக்குது தம்பி. கல்லாத்து மலையில மேடேறக்குள்ள நம்ம அய்யன் என்ன பண்ணுவாரு? மறந்துபோட்டியா?"

அப்பா ஸ்டீரிங்கைப் பிடித்தபடி கீழே பார்த்துக்கொண்டு சொன்னார். "மறக்கலைங்ணா. கை ஓடலை."

ஈரத்துணியைப் பம்ப்பின்மேல் சுற்றிப் பிடித்துக்கொண்டு பெரியப்பா நின்றார். துண்டிலிருந்து ஆவி பறந்தது. பிறகு தலையை ஆட்டினார். அப்பா சாவியைத் திருப்பினார். எட்டு சிலிண்டரும் ஒன்றாகப் பிடித்தன. என் காலடியில் தார் ரோடு அதிர்ந்தது. பெரியப்பா உடனே போய்விடவில்லை. திறந்த எஞ்சினுக்கு மேல் குனிந்து, கண்ணை மூடி, அப்படியே நின்றார். கொடிக்காரர் கூப்பிட்ட பிறகுதான் பானெட்டை மூடிவிட்டுத் தன் வண்டிக்குப் போனார்.

கொடி இறங்கியது. ஜீப்பின் பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று புகை கக்கின. அதற்குள் கருநீலக் கார் நழுவிக்கொண்டு முன்னால் போய்விட்டது. போயிற்று என்று நினைத்தேன். ஆனால் டயர் பிடித்ததும் ஜீப் எழும்பிய வேகம் இருக்கிறதே, அதை இன்றுவரை வேறெங்கும் நான் பார்க்கவில்லை. இடியை யாரோ கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு ஓடுவது போல இருந்தது. பாதிக்கு மேல் போய் இரண்டும் ஒன்றாக ஓடின. முடிவுக் கோட்டுக்கு முன்னால் ஜீப்பின் மூக்கு நீண்டது. நான் கத்தினேனாம். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

வண்டிகள் திரும்பி வேப்பமரத்தடிக்கு வந்தன. நான் ஓடிப்போய் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். பெரியப்பாவைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் கொஞ்சம் இளக்காரமாகவும் இருந்தது. எதிராளியின் வண்டியைக் கிளப்பிக் கொடுத்துவிட்டுத் தோற்பவரை நான் எந்தக் கதையிலும் கேட்டதில்லை. அவரோ ஜெயித்தவர் போல முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். சாவியை அப்பாவின் கையில் வைத்தார்.

"பாடி உன்றது. எந்த ஊட்டுல நின்னா என்ன, முழு வண்டியா நிக்கட்டும். நல்லவேளை நீ பந்தயம்னு சொல்லி உட்ட. வண்டியச் சேத்திரலாம்னு எனக்குக் கேக்க வாய் வரலை."

அப்பா சாவியைப் பார்த்தார். பெரியப்பாவைப் பார்த்தார். "நானெங்கீங்ணா சொன்னேன்? நீங்கதான சொல்லி உட்டது?"

இரண்டு பேரும் ஒன்றுபோலத் திரும்பி வேப்பமரத்தடியைப் பார்த்தார்கள். அங்கே அம்மாவும் பெரியம்மாவும் கட்டுச்சோற்று மூட்டையைப் பிரித்து வைத்து, தலை நிமிராமல், தட்டுத் தட்டாகப் புளிசாதம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா பக்கத்தில் போய், யார் யாரிடம் என்ன சொன்னது என்று கேட்டார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போய்விட்டார்.

"மொதல்ல எல்லாரும் உக்காந்து சாப்பிடுங்க," என்றார் பெரியம்மா. "சோறு ஆறிப்போகுது."

காலையில் கட்டிய சோறு. எப்போதோ ஆறிப்போயிருந்தது. இதுகூடத் தெரியவில்லையே இந்தப் பெரியம்மாவுக்கு என்று நினைத்தபடி நான் தட்டை நீட்டினேன்.