குண்டன் சாப்பிட்டானா?

முதலில் நான் கண்டது எறும்புகளைத்தான். குளியலறைக்கு வெளியே சீமெந்துத் தரையில் எங்கள் பூனை குண்டன் மூத்திரம் பெய்துவிட்டுப் போன இடத்தில் கறுப்பாக மொய்த்துக் கிடந்தன. அப்போது அது மூத்திரம் என்று தெரியாது, யாரோ தேத்தண்ணீர் சிந்திவிட்டார்கள் என்று நினைத்துத் தண்ணீர் அடித்துக் கழுவினேன். அடுத்த நாளும் அதே இடத்தில் மொய்த்தன. வீட்டில் இருப்பது நானும் கணவரும். அவர் நெடுநாள் சீனி வருத்தக்காரர் (நீரிழிவு நோயாளி), அவரோடு நானும் சீனி போடாத வெறும் தேத்தண்ணீர் குடிக்கிறவள். அதற்கு எறும்பு வராது.

அதற்கு முன்பே அவன் தண்ணீர் குடிக்கத் தொடங்கியிருந்தான். பூனை தண்ணீர் குடிப்பதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். குண்டன் வயது போன கடுவன் பூனை. தண்ணீர்ப் பாத்திரத்தை ஏறெடுத்தும் பாராதவன். இப்போது வாளிக்குள் தலையை விட்டுக் குடித்தான். பூச்சாடித் தட்டையும் விடவில்லை. தீனும் கூடியது, ஆனால் உடம்பு இறங்கியது. முதுகைத் தடவினால் எலும்பு கையில் தட்டுப்பட்டது. பின்னங்கால்களை முயலைப் போல நிலத்தில் படிய வைத்து நடந்தான். பேர் மட்டும்தான் குண்டனாக மிஞ்சியிருந்தது.

இவர் குனிந்து எறும்புகளைப் பார்த்தார். "இது நம்மட வருத்தம் புள்ள. இவனுக்கும் சீனிதான்" என்றார்.

"விசர்க் கதை கதையாதீங்க" என்று ஏசினேன். உள்ளுக்குள் பயந்துவிட்டேன்.

மூடிப் பெட்டிக்குள் அவனை வைத்து, குருக்கள்மடத்திலிருந்து மட்டக்களப்பு டவுனுக்கு ஓட்டோவில் கொண்டுபோனோம். வழி முழுக்கக் கத்தினான். மிருக வைத்தியர் ஓர் இளம் பெண். அவன் காது மடலில் சின்னதாகக் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்தார். இவருடைய சீனியைப் பார்க்கிற அதே மாதிரிக் கருவிதான். எண்ணைப் பார்த்த இவர் தலையைக் குனிந்துகொண்டார். இவருக்கு அந்த எண்களின் பாஷை தெரியும்.

"நீரிழிவுதான் அம்மா. பூனைக்கும் வரும். பயப்படாதீங்க, வைத்தியம் இருக்கு" என்றார் டொக்டர். இன்சுலின் (சாப்பாட்டிலுள்ள சீனியை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும் சுரப்பு) அவன் உடம்பில் போதாமல் போயிருந்தது. காலையும் பின்னேரமும் அதை ஊசியாகப் போடவேண்டும். கால் தளர்ந்ததும் சீனியால்தான், அது நியூரோபதி (நரம்பு பழுதாகி வலுக்குறைதல்) என்றார். சில பூனைகளுக்குக் காலப்போக்கில் வருத்தம் அடங்கி ஊசியே தேவைப்படாமலும் போகும் என்று அவர் சொன்ன அந்த ஒரு வசனத்தைத்தான் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

புறப்படும்போது அவர் என் கையைப் பிடித்துச் சொன்னதை இதை வாசிக்கிற உங்களுக்கும் சொல்லவேண்டும். "முதல்ல சாப்பாடு, பிறகுதான் ஊசி. சாப்பிடாட்டி ஊசி போடாம எனக்குப் போன் எடுங்க. வெறும் வயித்துல போட்டா ஹைப்போ வரும்." ஹைப்போ என்றால் இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்கிப்போவது. வந்தால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. உடனே முரசில் (பல் ஈறில்) பாணியோ (பாகோ) தேனோ தடவவேண்டும்.

முதல் ஊசியின்போது மருந்து பாதி அவன் மயிரில் போனது. இவர் அவனைத் துவாயில் சுற்றிப் பிடிக்க, நான் கழுத்துத் தோலைத் தூக்கி ஊசியை இறக்குவேன். அவன் ஒருநாளும் கத்தவில்லை. ஊசி எடுத்ததும் காதுக்குப் பின்னால் சொறிந்துவிடுவேன், தலையைச் சரித்துக் கையிலேயே வைத்துக்கொள்வான். அதுதான் அவன் கூலி. நாளடைவில் இவரும் ஊசி போடப் பழகிக்கொண்டார்.

எங்கள் நேரம் எல்லாம் அவனுடையதாகிப் போனது. வெல்லாவெளியில் ஒரு கலியாணத்துக்குப் போய் பின்னேர ஊசிக்காகத் தாலி கட்டிய கையோடு ஓடிவந்தோம். "பூனைக்கு ஊசியாம்" என்று சிரித்தவர்களோடு நான் கதைப்பதையே விட்டுவிட்டேன். சிரிக்காத இரண்டு பேரில் ஒருவர் பக்கத்து வீட்டுக் கிரேஸ் அக்கா, மெதடிஸ்ற் சபைக் கிறிஸ்தவர். அடுத்தவர் காத்தான்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற மீன்கார நானா (முஸ்லிம் அண்ணனை நானா என்போம்). ஹோன் அடித்ததும் குண்டன் வாசல் படலையடிக்கு வந்துவிடுவான். "மருமகனுக்குப் பத்தியச் சாப்பாடு" என்று நானா ஆற்று மீனில் சின்னதாகப் பொறுக்கிப் போடுவார். எங்கள் ஊரில் வாவியையும் ஆறு என்றுதான் சொல்வோம். அந்த மீனை அவித்துக் கொடுத்தால் தட்டை நக்கித் துடைத்துவிடுவான். மீன் இல்லாத சோறு அவனுக்குச் சோறே இல்லை.

நல்ல மாற்றம் தெரிந்தது. எறும்பு நின்றது. ஒருநாள் பாய்ந்து மதிலில் ஏறிவிட்டான். இவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் மதிலையே பார்த்துக்கொண்டு நின்றோம். மருந்தைக் குறைத்துப் பார்க்கலாம் என்றார் டொக்டர். இனிப் பயமில்லை என்று நம்பிவிட்டேன்.

வைகாசியில் அம்மன் கோயில் கதவு திறந்து சடங்கு தொடங்கியது. வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: சடங்கு என்றால், குளிர்த்தி (அம்மனைக் குளிரவைக்கும் கடைசிநாள் பாட்டு) பாடி முடியும்வரை எங்கள் பக்கத்து வீடுகளில் மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் சமைக்கமாட்டோம். சட்டி பானையைத் தேய்த்துக் கவிழ்ப்போம். மீன்கார நானா ஊருக்குள் திரும்பமாட்டார், பிரதான வீதியோடு போய்விடுவார். கிரேஸ் அக்காவிடம் ஒரு துண்டு மீன் அவித்துத் தரச் சொல்லிக் கேட்டேன். "நானும் வாங்கல்லயே புள்ள. அம்மாள்ட நாளையில நாங்க ஒருநாளும் மச்சம் காய்ச்சினதில்ல" என்றார். அவருடைய மரியாதை அது.

முதல் இரண்டு நாளும் டவுனில் வாங்கிய பூனைத் தீன் பக்கற்றைக் கொடுத்துச் சமாளித்தோம். மீன் வாடை வீட்டுக்குள் கூடாதென்ற ஊர்ப்பழக்கத்தில் அதை முற்றத்தில் வைத்துத்தான் கொடுத்தேன். அரைகுறையாகத் தின்றான். பக்கற் முடிந்துபோன காலையில் எங்கள் குடிக்கு (தாய்வழிப் பரம்பரைக்கு) உரிய பூசை. நான் விடியவே மடைக்கு (படையலுக்கு) சாமான் எடுத்துக்கொண்டு போகவேண்டும். இவர் வேறு குடி, வீட்டில் நின்றார். தயிர்ச்சோறு பிசைந்து முற்றத்தில் வைத்துவிட்டு, "திண்டா மட்டும் ஊசி" என்று சொல்லிப் போனேன்.

இவர் முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது தட்டு துடைத்த மாதிரி இருந்தது. குண்டன் பக்கத்தில் படுத்திருந்தான். சந்தோசப்பட்டு ஊசியைப் போட்டிருக்கிறார். தட்டை வெறுமையாக்கியவை காகங்கள். தன் வீட்டுக் குசினி (சமையலறை) யன்னலால் கிரேஸ் அக்கா அதைக் கண்டிருக்கிறார். குண்டனுடைய சோறு என்று அவருக்குத் தோன்றவில்லை. பின்னால் அதைச் சொல்லி அழுதார்.

பூசை முடிந்து பிரசாதத்தோடு நான் வந்தபோது, குளியலறை வாசலில் அவன் பக்கவாட்டில் கிடந்து கால்களை அடித்துக்கொண்டிருந்தான். வாயில் நுரை. கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. தயிருக்கு வாங்கி வைத்திருந்த கித்துள் பாணியை விரலால் எடுத்து முரசில் தடவினேன். இவர் ஓட்டோவுக்கு ஓடினார். பிரசாதம் தரையில் கொட்டிக் கிடந்தது.

காத்தான்குடியில் நெரிசல். வீதி நடுவே பேரீச்சை மரங்கள் ஒன்றொன்றாக ஆறுதலாக, அவசரமே இல்லாமல், பின்னுக்குப் போயின. என் மடியில் அவன் உடம்பு வெட்டி இழுத்தது. அங்கே வைத்துத்தான் நான் இவரைக் கேட்டேன்.

"தட்ட மட்டும் பாத்தா காணுமா? அவன் திண்டதக் கண்டீங்களா? உங்கட கண் எங்க போன?"

ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். இவர் பாணி பட்ட என் விரலைத் தான் உடுத்திருந்த சறத்தால் துடைத்துவிட்டார். அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

டொக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். வலிப்பு நின்றது. உயிர் தப்பிவிட்டது என்று நினைத்தோம், ஆனால் சீனி நெடுநேரம் இறங்கிக் கிடந்ததால் மூளை பாதிக்கப்பட்டிருந்தது. கண் பார்வை போய்விட்டது. "சிலவேளை திரும்பி வரும்" என்றார் டொக்டர். அந்தச் சிலவேளையை நம்பி அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

வீட்டில் சுவரில் முட்டினான். ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி நடந்தான். குளிர்த்தி முடிந்த பிறகு நானாவின் ஹோன் கேட்டது. குண்டன் காதைத் திருப்பினான். எழும்பிப் படலைக்குப் போக வெளிக்கிட்டு, கதவு நிலையில் முட்டி அங்கேயே நின்றான். நான் அவனைத் தூக்கிக்கொண்டு போனேன். நானா சிரிக்கவில்லை. நல்ல மீனாகப் பார்த்து எடுத்துத் தந்துவிட்டு, "கேக்கக் கஷ்டமா இருக்கு தங்கச்சி" என்றார். அவித்து விரலால் ஊட்டினேன். கொஞ்சம் தின்றான். பிறகு அதையும் விட்டுவிட்டான்.

ஒரு காலையில், நான் அவன் தட்டைக் கழுவிக்கொண்டிருந்த நேரம், இவருடைய மடியிலேயே அவன் உயிர் போனது. தேசிக்காய் மரத்தடியில் குழி வெட்டித் தாட்டோம்.

அதன் பிறகு வீட்டில் பேச்சுக் குறைந்துபோனது. ஊசி நேரம் வந்தால் என் கால் தானாக மருந்து வைத்திருந்த பிரிட்ஜுக்குப் போகும். திறந்து பார்த்துவிட்டுச் சாத்துவேன். பின்னேரம் வருகிறது என்பதை வெயில் எனக்குச் சொல்வதில்லை, என் கைதான் சொல்கிறது. ஒரு பூனைக்கு இவ்வளவா என்று கேட்பார்கள். ஓம், இவ்வளவுதான். எனக்கு இதைக் குறைத்துச் சொல்லத் தெரியாது.

இவர் தன் சீனிக் குளிசைகளை (மாத்திரைகளை) ஒளித்து எறிந்திருக்கிறார். எனக்குத் தெரியவந்தது, குளியலறை வாசலில், இவர் போய்வந்த ஈரத்தில், மறுபடியும் எறும்பைக் கண்டபோது. கிளினிக்கில், இனிக் குளிசை போதாது, இன்சுலின்தான் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் ஊசிப் பெட்டியைத் திறக்கவே மாட்டேன் என்றார்.

"அவனுக்குப் போட்டது இந்தக் கைதானே. இந்தக் கைக்கு இனி ஊசி வேணா" என்றார். அன்றைக்குத்தான் அவர் அழுததைக் கண்டேன்.

ஓட்டோவில் நான் சொன்னது அவ்வளவு நாளும் அவருக்குள்ளேயே கிடந்திருக்கிறது. அதை எடுக்க எனக்கும் வழி தெரியவில்லை. "தட்ட முத்தத்துல வெச்சது நான்" என்றேன். "காகம் திண்டத நீங்க என்னெண்டு காண்ற? உங்கட கைக்கு வேணாட்டி விடுங்க. என்ட கைக்குப் பழக்கம்தானே."

இப்போது காலையும் பின்னேரமும் அவருக்கு நான்தான் போடுகிறேன். அவர் சாப்பிட்டு முடியும்வரை எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருப்பேன். தட்டை நான் பார்ப்பதில்லை. பிறகு வயிற்றுத் தோலைத் தூக்குவேன். என் விரல்கள் முதலில் மயிரைத்தான் விலக்கப் பார்க்கின்றன. மனித உடம்பு என்பது ஒரு கணம் பிந்தித்தான் அவற்றுக்கு ஞாபகம் வரும்.

முதல் நாள், ஊசியை எடுத்ததும் என் கை தன்பாட்டில் போய் இவர் காதுக்குப் பின்னால் சொறிந்தது. வெட்கத்தில் இழுக்கப் போனேன். இவர் சிரிக்கவில்லை. தலையைச் சரித்து, என் கையிலேயே வைத்துக்கொண்டார்.